தரை துடைத்ததும் கணக்கில் உண்டா

ஊட்டச்சத்து நிபுணர் பாங் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றியதுமே மல்-சூன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். மேசைமேல் அவளுடைய நோட்டு விரிந்து கிடந்தது. ஐந்து வாரமாக ஒரு நாள் விடாமல் எழுதிய நோட்டு. இடது பக்கம் சாப்பிட்டது, வலது பக்கம் உழைத்தது. கைப்பேசிச் செயலியில் போடுவதற்கு முன்னால் அவள் எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொள்வாள். எழுதினால்தான் அவளுக்கு நம்பிக்கை.

பாங் இடது பக்கத்தைத் தொடவேயில்லை. நேராக வலது பக்கத்துக்குப் போனாள்.

கூடத்துத் தரை, முழங்காலில் உட்கார்ந்து துடைத்தது, 45 நிமிடம், 190 கலோரி. ஒரு கோடு. குளியலறைத் தரை, கதவுக்குப் பின்னால் நீல வாளிமேல் காயும் துணியால், 20 நிமிடம், 90. ஒரு கோடு. மெத்தை உறைகளை மாடிக்கு எடுத்துப்போய் உதறியது, 30 நிமிடம், 130. அதற்கும் ஒரு கோடு. பக்கம் புரண்டது. மறுபடி கோடு.

"என்னம்மா பண்றீங்க?" மல்-சூனின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"இதெல்லாம் உடற்பயிற்சி இல்லைங்கம்மா."

"செயலி அப்படிச் சொல்லலியே! அதுலயே போட்டிருக்கு, வீட்டு வேலைன்னு. நானா இட்டுக்கட்டி எழுதல."

"செயலி ஆயிரம் சொல்லும். எடை என்ன சொல்லுது? அஞ்சு வாரத்துல எண்ணூறு கிராம்தான் குறைஞ்சிருக்கு." பாங்குக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆனாலும் பேச்சில் தயக்கமே இல்லை. "முதல் தடவை இங்க வந்தப்போ உங்க கல்லீரல்ல முப்பத்திரண்டு சதவீதம் கொழுப்பு. அதுக்கு முன்னால முப்பது வருஷமா நீங்க தரை துடைச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க? துடைச்சுத் துடைச்சுத்தான் முப்பத்திரண்டு வந்திருக்கு. உங்க உடம்புக்கு அது பழகிப்போச்சு. செயலியைத் தொடங்குறப்போ 'நாள் முழுக்க ஓடியாடுற ஆள்'னும் அழுத்தியிருக்கீங்க. அங்க ஒரு தடவை எண்ணியாச்சு. இங்க இன்னொரு தடவை எண்ணுறீங்க. செயலி அறுநூறு கலோரி மிச்சம்னு காட்டினதும் கூட ஒரு கிண்ணம் சோறு சாப்பிடுறீங்க."

அந்த இரண்டாவது கிண்ணம் உண்மைதான். பச்சை நிறத்தில் 'இன்னும் சாப்பிடலாம்' என்று வரும்போது எடுத்துக்கொண்டதுதான்.

"அப்புறம் இன்னொண்ணு. சமைக்கும்போது உப்பு, காரம் பார்ப்பீங்கல்ல? அதை எங்க எழுதியிருக்கீங்க?"

"அது எப்படிச் சாப்பாடாகும்? நுனிநாக்குல வைக்கிறது."

"வாயில போறதெல்லாம் சாப்பாடுதான்மா."

பிறகு பாங் பேனாவை மூடிவிட்டு, தெரிந்த விஷயத்தையே மறுபடி சொன்னாள். கொழுப்பு இருபது சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் மருத்துவர்கள் மல்-சூனின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து கல்லீரல் கெட்டுப்போன அவள் கணவர் யோங்-பேவுக்கு வைப்பார்கள். கொழுப்போடு எடுத்தால் கொடுப்பவர் உயிருக்கும் ஆபத்து, வாங்குபவர் உயிருக்கும் ஆபத்து. மகன் கொடுக்கலாம் என்றால், அவன் கல்லீரலில் வலப்பக்கம் பெரிதாகவும் இடப்பக்கம் சிறிதாகவும் இருந்தது. வெட்டியபின் அவனுக்கு மிஞ்சுவது போதாது. உறுப்புதானப் பட்டியலில் பதிந்து காத்திருக்கலாம் என்றால் யோங்-பேவுக்கு அவ்வளவு நாள் இல்லை. இன்னும் நான்கு வாரம். அதற்குப் பின்னால் அவர் உடம்பே கத்தியைத் தாங்காது.

"தினம் ஒரு மணி நேரம் வேகமா நடங்க. நடக்கும்போது பாட்டுப் பாட முடியுதுன்னா அந்த வேகம் போதாதுன்னு அர்த்தம். வலது பக்கத்துல அதை மட்டும் எழுதுங்க. மத்ததுக்கெல்லாம் பூஜ்யம்."

சியோல் மருத்துவமனையிலிருந்து சுங்ஜுவிலுள்ள வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் மல்-சூன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கல்லாய் உட்கார்ந்திருந்தாள். பூஜ்யம் என்ற சொல் முள்ளாய்க் குத்தியது. ஏனென்றால் அந்த நோட்டை அவள் தொடங்கியது கல்லீரலுக்காக மட்டும் அல்ல.

முதல் பரிசோதனை முடிவு வந்த அன்று, மருத்துவமனை நடைபாதையில் வைத்து யோங்-பே சொன்னார்: "நாள் பூரா வீட்டுலயே உக்காந்திருந்தா கொழுப்பு ஏறாம என்ன செய்யும்?" தன் உயிர் கைநழுவுகிற பயத்தில் சொன்னது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் வலிக்காதா? முப்பத்தோரு வருடத்தில் அவள் வீட்டில் 'உட்கார்ந்திருந்தது' எத்தனை மணி நேரம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்று மாலையே கடைக்குப் போய் நோட்டு வாங்கினாள். ஒவ்வொரு துடைப்பும், ஒவ்வொரு துவைப்பும், எந்தத் துணி, எந்த வாளி என்பது உட்பட எழுதினாள். எழுதி முடித்து ஒருநாள் அவர் முன்னால் விரித்துப் போட வேண்டும், 'இதுதான் உக்காந்திருந்த லட்சணமா' என்று கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை. இப்போது அத்தனை பக்கத்திலும் சிவப்புக் கோடு.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பழைய செய்தித்தாள் கட்டுக்குள் செருகி, பால்கனியில் குப்பை பிரித்து வைக்கும் பெட்டியில் போட்டாள்.

"என்ன சொன்னாங்க?" யோங்-பே சோபாவில் சாய்ந்தபடி கேட்டார். கண்ணின் வெள்ளை எலுமிச்சை நிறத்துக்கு வந்திருந்தது. நீர் கோத்த வயிற்றின்மேல் கையை வைத்திருந்தார்.

"நடக்கணுமாம்."

"அப்ப நட."

"நடக்கிறேன். சாயங்காலச் சமையல், உங்களுக்கு உப்பில்லாம தனிச் சமையல், துணி, பாத்திரம், உங்க மருந்து, எல்லாம் முடிச்சிட்டு."

நான்கு நாளில் அவள் இரண்டே தடவை நடந்தாள், அதுவும் அரை மணி நேரம். எடை முந்நூறு கிராம் ஏறியது.

வியாழக்கிழமை அவர்கள் அடுக்ககத்தில் குப்பை பிரித்துப் போடும் நாள். யோங்-பே வாழ்நாளில் செய்த ஒரே வீட்டு வேலை அதுதான். நோய் வந்தபின்னும் அதை விட்டுக்கொடுக்க மாட்டார். அந்த வியாழனும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு கீழே போனார். கால் மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனது. வழியில் மயங்கி விழுந்துவிட்டாரோ என்று மல்-சூன் செருப்பை மாட்டும்போது மேலே வந்தார். முகம் இருண்டிருந்தது. "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அவருடைய மேல்சட்டை ஒரு பக்கம் புடைத்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. சனிக்கிழமையை நினைத்தே அவளுக்குத் தலை சுற்றியது.

சனிக்கிழமை கிம்ஜாங். குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சி ஊறுகாயைக் குடும்பமே கூடி ஒரே மூச்சில் போட்டு வைக்கும் நாள். மூத்த மருமகள் என்ற முறையில் கணவரின் உடன்பிறந்தார் நால்வர் வீட்டுக்கும் சேர்த்து மல்-சூன்தான் செய்து தருவாள். எண்பது முட்டைக்கோஸ். போன மாதமே சொல்லிவைத்தது, உப்பில் ஊறி வந்து இறங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

காலை ஏழு மணிக்கே நாத்தனார் சுன்-ரே வந்து இறங்கினாள். கூடத்தில் பாய் விரித்து, குழந்தை குளிக்கிற அளவுக்குப் பெரிய சிவப்புத் தொட்டிகளை வைத்தார்கள். மிளகாய்த்தூள், பூண்டு, உப்பிட்ட இறால், துருவிய முள்ளங்கி எல்லாம் போட்டு மசாலா பிசைந்தார்கள். விடுமுறைக்கு வந்த மகன் தோ-கியோங் முட்டைக்கோஸ் கூடைகளை இழுத்துப் போட்டான். அடுப்பில் ஒரு பெரிய பானை பன்றி இறைச்சி வெந்துகொண்டிருந்தது. கிம்ஜாங் அன்று அது இல்லாவிட்டால் வேலையே ஓடாது.

"உப்பு பாரு" என்று சுன்-ரே ஒரு முட்டைக்கோஸ் இலையில் மசாலாவைச் சுருட்டி நீட்டினாள். இந்தக் குடும்பத்தில் உப்பு பார்க்கும் வாய் மல்-சூனுடையதுதான். இருபது வருடமாக அவள் 'ம்' என்றால்தான் அடுத்த தொட்டி.

மல்-சூன் வாயில் போட்டாள். "இன்னும் கொஞ்சம் இறால்." மறுபடி ஒரு இலை. "இப்ப சரி." மூன்றாவது தொட்டி, நான்காவது தொட்டி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று இலை. பாங்கின் குரல் காதில் கேட்டது. வாயில போறதெல்லாம் சாப்பாடு.

இறைச்சி வெந்ததும் சுன்-ரே ஒரு கொழுத்த துண்டைப் புதுக் கிம்ச்சியில் சுற்றி மல்-சூனின் வாயருகே கொண்டுவந்தாள். "ஆ காட்டு."

"வேண்டாம் அண்ணி."

"அட, ஒரு வாய்தானே! காலையிலேருந்து மாடா உழைச்சிருக்க. சாப்பிட்டதெல்லாம் வேலையிலயே கரைஞ்சிடும். ஆ காட்டுன்னா!"

துண்டு உதட்டில் இடித்தது. எண்ணெய் முகவாயில் வழிந்தது. கையுறை இரண்டிலும் மிளகாய், தள்ளிவிடவும் முடியவில்லை. வாயைத் திறந்தால் நாத்தனாருக்கு மரியாதை. திறக்காவிட்டால் இந்த வீட்டில் பத்து வருடம் பேசுவார்கள். மல்-சூனின் தாடை தானாகத் திறக்கத் தொடங்கியது.

"அதை எடு அக்கா."

யோங்-பே அறைவாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் அவளுடைய நோட்டு.

"உனக்கென்னடா தெரியும்? பசியோட வேலை செய்யலாமா அவ?"

"அவ வேலை செய்ய வேண்டாம்." அவருக்கு மூச்சு வாங்கியது. "தோ-கியோங் அம்மா, எந்திரி. போய் நட."

"நடுவுலயா? இன்னும் அம்பது கிடக்கு. உப்பு யாரு பார்ப்பா?"

"உப்பு கூடினா கூடட்டும், குறைஞ்சா குறையட்டும். நான் சாகலாமா வேண்டாமான்னு சொல்லு."

துண்டோடு நீண்டிருந்த சுன்-ரேயின் கை இறங்கியது. மல்-சூன் அந்த நோட்டையே பார்த்தாள். சிவப்புக் கோடுகளோடு அவர் அதைப் பார்த்துவிட்டார். அவள் அடித்த அத்தனை பெருமையும் பூஜ்யம் என்று தெரிந்துகொண்டுவிட்டார். அவமானமும் கோபமும் சேர்ந்து கண்ணை மறைத்தன. கையுறைகளைக் கழற்றித் தொட்டியில் எறிந்தாள். மிளகாய் தெறித்த மேலங்கியோடே காலணியை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். "மூத்த மருமக கிம்ஜாங்கைப் பாதியில போட்டுட்டுப் போறாளே!" என்ற சுன்-ரேயின் குரல் மின்தூக்கி வரை கூடவே வந்தது.

ஆற்றங்கரையில் அன்று அவள் ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தாள். பாடுவதென்ன, திட்டக்கூட மூச்சில்லை.

திரும்பி வந்தபோது தோ-கியோங் இடுப்புவரை மிளகாயோடு தொட்டிமுன் உட்கார்ந்திருந்தான். உப்பு பார்த்ததும் அவன்தான். அந்த வருடக் கிம்ச்சியில் ஒரு தொட்டி சப்பென்று இருந்தது, ஒரு தொட்டி நாக்கில் வைக்க முடியாமல் கரித்தது. அவன் வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. மூன்று வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "என்னென்ன செய்யணும்னு சொல்லும்மா" என்று வந்து நின்றான். "சொன்னா உனக்கு விளங்காது" என்றாள் அவள். "அப்பாகிட்ட நோட்டு இருக்கு, அதைப் பார்த்துக்கறேன்" என்றான்.

அதன்பின் மல்-சூன் தினமும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று நடந்தாள். கடுங்குளிரில் கரையோரம் பனி கட்டியிருந்தது. இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். அளந்து வைத்த சோற்றை மட்டும் தின்றாள். பசியில் எரிந்து விழுந்தாள், அதற்கு மகன் வாங்கிக் கட்டிக்கொண்டான். எடை இறங்கியது. இறங்கியது போதுமா என்று எந்தத் தராசும் சொல்லாது. கல்லீரலைப் படம் எடுத்தால்தான் தெரியும். கடைசி வாரம் யோங்-பேவுக்குப் பேச்சுக் குழறத் தொடங்கியது. மருத்துவமனையிலேயே சேர்த்துவிட்டார்கள்.

முடிவு வரும் நாளில் பாங்கின் அறையில் தாயும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். பாங் திரையைப் பார்த்தாள், மறுபடி ஒருமுறை பார்த்தாள். மல்-சூன் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்தாள்.

"பதினேழு."

தோ-கியோங் "ஐயோ அம்மா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டான். எழுந்தபோது அவன் கால்சட்டை இடுப்பிலிருந்து நழுவியது, பிடித்துக்கொண்டான்.

"நீங்களும் டயட்டா?" என்றாள் பாங்.

"இல்லைங்க. வீட்டு வேலைதான். மூணு வாரத்துல நாலு கிலோ."

பாங் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவன் கணக்குல மட்டும் கோடு போட்டுடாதீங்கம்மா" என்றாள் மல்-சூன். "அவனுக்கு அது உடற்பயிற்சியேதான்."

மாடி ஏறிப் படுக்கைக்குப் போனாள். யோங்-பே கண்ணை மூடியிருந்தார். தலையணைக்கு அருகில் ஓரம் சுருண்ட அந்த நோட்டு. அவள் எண்ணைச் சொன்னதும் கண்ணைத் திறந்தார்.

"வெட்டினதுக்கு அப்புறம் மூணு மாசம் நீ எதையும் தூக்கக் கூடாதாம்" என்றார் மெதுவாக.

"நீங்களும்தான்."

"அதுவரைக்கும் பையன் பார்த்துக்குவான். அப்புறம் நான்."

"நீங்களா? குளியலறை துடைக்கிற துணி எங்க இருக்குன்னுகூட உங்களுக்குத் தெரியாது."

வார்த்தைகள் ஒன்றோடொன்று இடறின. ஆனாலும் அவர் முழுதாகச் சொல்லி முடித்தார்.

"கதவுக்குப் பின்னால. நீல வாளி மேல."

ஒன்பது வாரமாக அழாதவள், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.