ஓர் எழுத்து மாறிய கிளை

அறையை விட்டு வெளியே வந்ததும் கதவருகே இருந்த கிருமிநாசினி ஜெல்லைக் கையில் தேய்த்துக்கொண்டேன். சோப்புப் போட்டுக் கழுவக் குளியலறை வரை போகவேண்டும். அதற்குள் மகள் வந்து காலைக் கட்டிக்கொண்டாள். வாந்தி, பேதி என்று மூன்று நாள் தனியறையில் கிடந்திருந்தேன்.

“தூங்குமூஞ்சி அப்பா! மூணு நாளா உள்ள என்ன பண்ணின?”

“முட்டை போட்டுட்டிருந்தேன்.”

“எங்க, காட்டு!”

மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “நீங்களே ஏதாவது ஊட்டிவிடுங்க. என்கிட்ட வாயே தொறக்க மாட்டேங்கிறா.” ஓர் ஆரஞ்சை உரித்து, கொட்டை நீக்கி, சுளை சுளையாக ஊட்டினேன். கடைசிச் சுளையை என் வாயில் திணித்துவிட்டு ஓடினாள்.

அன்றிலிருந்து ஐந்தாம் நாள் அவள் இல்லை. நான்கு வயது. அதே வாந்தி, பேதியில் வற்றிய உடம்பில் நர்ஸ் இரண்டு கையிலும் நரம்பு தேடி அலுத்து, பாதத்தில் ஊசி ஏற்றியபோது நேரம் கடந்திருந்தது.

என் வேலை வயிற்றுப்போக்கு வைரஸ்களை ஆராயும் கூடத்தில். நோயாளிகளின் மல மாதிரியிலிருந்து வைரஸின் மரபுச் சரத்தை எழுத்தெழுத்தாகப் படிப்போம். பெருகும்போது அது தன்னைப் படியெடுப்பதில் பிழை செய்யும். அந்தப் பிழைகளை வைத்து, எது எதிலிருந்து வந்தது என்று மரம் வரைவோம். ஜெல்லை நம்பாதீர்கள், சோப்பும் தண்ணீரும்தான் என்று ஊர் ஊராகப் போய் வகுப்பெடுத்தவன் நான். வயிறு அடங்கிய பின்னும் பல நாள் வைரஸ் வெளிவரும் என்பதும் என் வகுப்பில் உண்டு.

எங்களில் யாருக்கு வயிறு கெட்டாலும் மாதிரி கொடுத்துவிட வேண்டும். தனியறையில் கிடந்த நாளில் நான் கொடுத்தனுப்பியபோது, நாங்கள் அக்கா என்றழைக்கும் பிரிவுத் தலைவி போனில் சிரித்தார். “வாப்பா, இனிமே நீயும் நம்ம மரத்துல ஒரு கிளை.”

பதினாறாம் நாள் மனைவி கேட்டாள். அதுவரை அவள் கேட்காமல் இருந்ததுதான் வீடு முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது.

“உங்ககிட்டருந்தா அவளுக்கு வந்துச்சு? இல்ல, பள்ளிக்கூடத்துலயா?”

“பாத்துச் சொல்றேன்.”

அக்கா முதலில் மறுத்தார். “வேணாம்டா. தெரிஞ்சு என்ன பண்ணப்போற?” நான் நகரவில்லை. திரையைத் திறந்தார். அந்த வாரம் அவள் பள்ளியில் நோவு கண்ட பிள்ளைகளின் வைரஸ்கள் மரத்தின் மறுபக்கம் இருந்தன. என் மாதிரியின் எண்ணருகிலிருந்து சிறு கிளையொன்று பிரிந்தது. அதன் நுனியில், ஆஸ்பத்திரி அனுப்பியிருந்த மகளின் மாதிரி எண். ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது.

“ஒரு எழுத்த வெச்சுத் தீர்ப்பு சொல்ல முடியாதுடா. நடுவுல யாராவது, நோவே தெரியாம வாங்கிக் குடுத்திருக்கலாம்.”

“நடுவுல மிச்சமிருக்கறது அவ அம்மாதான்க்கா.”

அக்கா திரையை அணைத்தார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “நான்தான்” என்றேன்.

அவள் நிமிரவில்லை. “ஊட்டச் சொன்னது நான்” என்றாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஏழு வருடமாகிறது. அதே கூடத்தில்தான் இருக்கிறேன். வைரஸ் ஓய்வதில்லை, புதியவை பழையவற்றைத் தள்ளிவிட்டு வருகின்றன. என் எண்ணையொட்டி எத்தனையோ கிளைத்துவிட்டன. அவை எந்தெந்த வீட்டில், எந்தப் பிள்ளையின் உடம்பில் புகுந்து வந்தன என்று நினைக்காமல் ஒரு நாளும் அந்தத் திரையைப் பார்க்க முடிந்ததில்லை. ஒவ்வோர் ஆண்டும் மரத்தைப் புதிதாக வரைந்ததும் அந்த ஓர் எழுத்தைத்தான் முதலில் தேடுவேன். வேறு எவருடைய மாதிரியிலும் அது இதுவரை வரவில்லை. அவள் எண்ணோடு அந்தக் கிளை முடிந்து நிற்கிறது.