முற்றுப்பெறா நீரோவியம்

கதிரவன் மேற்கே சாய, செங்கற் கட்டடங்களின் நிழல்கள் நடைபாதைகளின்மேல் நீள, நூலகத்தின் கண்ணாடிச் சாளரங்கள் பொன்னென மின்ன, வகுப்பு முடிந்த மாணவர் கூட்டம் மடை திறந்த வெள்ளம்போல் படிகளில் இறங்கிப் பரவும் அப்பல்கலைக்கழக வளாகத்தில், அமைதி என்பதையே அறியாத இடம் ஒன்று உண்டு, கற்றறிந்தோரே. அதுவே நீரியல் துறையின் ஆய்வுக்கூடம். ஆங்கே முப்பதடி நீளக் கண்ணாடித் தொட்டியில், பாலத்தூண்களின் சிற்றுருக்களை மோதி, மணலை அரித்து, நுரைத்துச் சுழித்து, நாள் முழுதும் நீர் ஓடிக்கொண்டேயிருக்கும்.

அத்துறைத் தலைவரும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவர். கலைஞரை அழைத்துத் துறைதோறும் ஓராண்டு தங்கவைத்து, ஆய்வாளரோடு இணைந்து படைக்கச் செய்வதெனப் பல்கலைக்கழகம் முடிவெடுத்தபோது, தம் கூடத்தில் படம் போட இடமில்லை என்று மறுத்தவர் அவர் ஒருவரே. ஆயினும் அத்திட்டத்திற்கென அமைந்த குழு அவரிடமே ஓர் ஓவியரை அனுப்பிற்று. வந்தவளோ அவருடைய தங்கை! எட்டாண்டுகட்கு முன் இதே துறையில், அவரிடமே பயின்ற படிப்பைப் பாதியில் உதறிச் சென்றவள். அன்று முறிந்த பேச்சு இன்றும் முறிந்தே கிடந்தது.

அவள் தொட்டியருகே முக்காலியிட்டு அமர்ந்தாள். ஓடும் நீரைத் தாளில் பிடிக்க முயன்று, தீட்டியதைக் கிழித்து, எழுந்து உலவி, மீண்டும் அமர்ந்து, திங்கள் பல கழித்தாள். முதலில் நகைத்த மாணவர், பின்னர்க் கருவிகளை ஓரம் வைத்துவிட்டு அவளருகே நின்று நீரையே நோக்கலாயினர், கண்டதை வரைந்தனர், ஒருவர் வரைந்தது மற்றவர் வரைந்ததோடு ஒவ்வாமை கண்டு தமக்குள் மல்லுக்கு நின்றனர். அண்ணனோ நில்லாது கடந்து செல்வார். ஆனால் அவ்விடம் வருகையில் அவர் நடை சற்றே தளரும்.

ஆண்டிறுதியில் குழுவின் மடல் வந்தது. ஓவியரால் ஆய்வுக்கு விளைந்த பயன் யாது, அவர் மேலும் ஓராண்டு தங்கலாமா என்று அது வினவிற்று. எழுதுவதும் அடிப்பதுமாக மூன்று நாள் தவித்தார் துறைத் தலைவர். பொய் எழுதிப் பழகாத கை. மெய் எழுதினாலோ தங்கையின் இடம் பறிபோகும். நான்காம் நாள் அவள்முன் போய் நின்றார்.

"என்ன எழுதறதுன்னே தெரியல. உன்னால இங்க ஒரு கணக்கும் மாறல."

"மாறலன்னே எழுதுங்கண்ணா. எனக்காகப் பொய் எழுதிட்டீங்கன்னா, அப்புறம் நான் இங்க எப்படி உக்காருவேன்?"

அவர் பெயரவில்லை. "உனக்குத் தண்ணியே பிடிக்கல, அதான் விட்டுட்டுப் போயிட்டன்னு நினைச்சேன்."

"பிடிச்சதாலதான் போனேன். நல்லாப் பாக்கறதுக்குள்ள அளக்கச் சொல்லிட்டாங்க."

"யாரு?"

"நீங்கதான்."

அன்று மாலை அவர் எழுதினார்: 'கணக்கு எதுவும் மாறவில்லை. மாணவர்கள் இப்போது அளக்குமுன் பார்க்கின்றனர், நானும் பார்க்கின்றேன். இதனைப் பயன் என்று கொள்வதும் தள்ளுவதும் குழுவின் பொறுப்பு.'

குழு தள்ளிற்று. அவள் புறப்படப் பதினொரு நாள்களே எஞ்சின. எட்டாண்டுப் பேச்சை அதற்குள் பேசித் தீர்க்க இயலுமோ? ஆயினும் தொட்டியோரம் நின்றும் நடந்தும் இருவரும் ஓயாது பேசினர். பெட்டிகளை வண்டியில் ஏற்றியவர் அண்ணனே. அடிக்கடி வீட்டுக்கு வந்துபோகச் சொன்னார். வருவதாக அவளும் சொன்னாள். முற்றுப்பெற்ற ஓவியம் ஒன்றேனும் அவள் விட்டுச் செல்லவில்லை.

மெய்யுரைத்தார்க்கு இழப்பே நேராது என்று எவர் துணிந்து கூறுவர்? அவர் தம் தங்கையைப் பெற்றார். பெற்ற கையோடு வழியனுப்பியும் வைத்தார்.