தேயிலைச் சாயம் பூசிய கால்

டாக்டர் ரிஸ்கா ஈரப்பஞ்சால் ஒருமுறை துடைத்ததும் தெய்வானையின் கெண்டைக்காலில் இருந்த கருமை பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் வெளிறிய படை, உள்ளங்கை அகலத்துக்கு.

"என்னம்மா பூசியிருக்கீங்க?"

"சாயந்தாங்க. தேயிலச் சாயம்."

சுண்டக் கொதிக்கவைத்துத் தினமும் தடவி வந்தாள். கொழுந்து பறிக்கிற பொம்பளைகளின் காலில் அட்டை கடித்த தழும்புக்கா பஞ்சம்? அதோடு அதாக இதுவும் கிடக்கட்டும் என்று நினைத்தாள். பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்ததே மகள் யசோதினியின் நச்சரிப்பால்தான். அட்டை உறிஞ்சி இரத்தம் வடிந்தும் அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று அவள் பயந்துபோனாள். இப்போது கைப்பிள்ளையோடு வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள்.

தெய்வானைக்கு என்ன நோய் என்று தெரியும். அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. விரல்கள் மடங்கிப்போனதும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு அதில் வைத்தார்கள். பிறகு ஒரு லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அம்மா திரும்பவே இல்லை. ஆனால் பேரனைத் தூக்கும்போதெல்லாம் கொட்டில் பக்கமிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாகத் தெய்வானைக்குத் தோன்றும். கொட்டில் இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்க் குழாய்தான் இருக்கிறது.

"கண்ண மூடிக்கங்க. பஞ்சு படுற நேரம் சொல்லுங்க."

மூடினாள். எப்படியாவது தப்பித்துவிடலாம் என்று மனம்போன போக்கில் "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். திடீரென்று படைமேல் ஒரு கை வந்து படிந்தது. சில்லென்று, விரல்கள் மடங்கிப்போன கை.

"கைய வச்சிருக்கீங்க."

"இல்லையே. நான் தொடவே இல்ல."

கண்ணைத் திறந்தாள். டாக்டர் எட்டத்தில், மேசையருகே நின்றிருந்தார்.

அவர் திரும்பி வந்து, அவளுடைய முழங்கை நரம்பை வெறுங்கையால் தடவிப் பார்த்தார். "தொழுநோய்தாம்மா. மாத்திரையில சுகமாயிரும். யாரையும் இப்ப எங்கயும் கொண்டுபோறதில்ல. ஆனா வீட்டு ஆக்கள் எல்லாரையும் பாக்கணும். மகளக் கூப்பிடுங்க."

"அவகிட்ட சொல்லிறாதீங்கம்மா. பிள்ளைய என் கையில தரமாட்டா."

சொல்லத்தான் வேண்டியிருந்தது. முதல் மாத்திரைகளை டாக்டர் தன் முன்னாலேயே விழுங்கவைத்தார். இனிப் பயமில்லை, தாராளமாகப் பிள்ளையைத் தூக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யசோதினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வீடு திரும்பும் பசறை பஸ்ஸில் தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மலை வளைவொன்றில் பஸ் சாய்ந்தபோது பிள்ளை விழித்துக்கொண்டான். தெய்வானையைப் பார்த்துச் சிரித்து இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். யசோதினி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. அவன் இடுப்பைச் சுற்றியிருந்த கையை எடுக்கவும் இல்லை. பிள்ளை பாதி மடியிலும் பாதி காற்றிலுமாக எட்டி எட்டித் துள்ளிக்கொண்டே வந்தான்.