உறை பிரிக்காத நுண்ணோக்கி

எங்கள் அப்பா பெயரில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அறிவியல் ஆய்வகம் கட்டிக் கொடுத்தபோது, என் கைப்பட ஒரு நிபந்தனை எழுதினேன். ஒரு பொருள் உடைந்தாலும் மொத்தத்தையும் திரும்ப எடுத்துக்கொள்வோம். எங்கள் குடும்பம் கொடுத்ததை யாரும் அலட்சியமாகக் கையாளக் கூடாது என்பது என் எண்ணம். ஆண்டுதோறும், 'யாவும் சேதமின்றி உள்ளன' என்று தலைமையாசிரியையிடமிருந்து கடிதம் வரும். உறவினர் கூடும்போதெல்லாம் அதை வாசித்துக் காட்டுவேன்.

ஏழாம் ஆண்டு, சொல்லாமல் கொள்ளாமல் தங்கையுடன் போய் நின்றேன். ஆய்வகம் பூட்டியிருந்தது. வெளியே தாழ்வாரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து நுண்ணோக்கியை வரைந்துகொண்டிருந்தார்கள்.

"உள்ள நெஜமாவே ஒண்ணு இருக்கே. அதைப் பாத்து வரையக் கூடாதா?" என்றாள் தங்கை.

தலைமையாசிரியை தலை குனிந்தார். "உடைஞ்சா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவோம்னு ஐயா எழுதியிருக்காங்களேம்மா. அந்தப் பயத்துல யாரையும் தொட விடலை."

"கேட்டியாண்ணா? ஸ்கூலுக்கா கொடுத்தே? பூட்டுக்குல்ல கொடுத்திருக்கே!"

எனக்குச் சுருக்கென்றது. சாவியை வாங்கித் திறந்தேன். நுண்ணோக்கி வந்த பாலித்தீன் உறையோடு அப்படியே இருந்தது. நானே பிரித்து ஜன்னலோரம் வைத்தேன். தலைமையாசிரியை ஒரு வெங்காயத் தோலைக் கண்ணாடித் துண்டில் ஒட்டிப் பொருத்தினார். முன்வரிசைப் பெண்ணைக் கூப்பிட்டேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்னம்மா தெரியுது?"

"நல்லா தெரியுதுங்க ஐயா. ரொம்ப நல்லா இருக்கு."

சொல்லும்போது அவள் பார்வை தலைமையாசிரியை மேல் இருந்தது. தங்கை கண் வைத்துப் பார்த்துவிட்டு, என்னைத் தனியே இழுத்தாள். "ஒண்ணுமே தெரியலைண்ணா. லென்ஸ் பூரா பூஞ்சை. ஈரத்துல மூடியே கெடந்தா வேற என்ன ஆகும்?"

எங்கள் மானத்தைக் காப்பாற்ற ஒரு பதினைந்து வயதுப் பெண் பொய் சொல்லியிருக்கிறாள். இதற்கு முன் ஆறு ஆண்டுப் பிள்ளைகள் இந்தப் பூட்டைப் பார்த்தபடியே படித்து முடித்துப் போயிருக்கிறார்கள். அவர்களை எங்கே போய்த் தேடுவது?

யார் முன்னாலும் தாழ்ந்து பேசிப் பழகாதவன் நான். அந்தப் பெண்ணிடம் திரும்பிப் போனேன்.

"பொய் சொல்ல வேண்டாம்மா. இது கெட்டுப் போச்சு. கெடுத்தது நான்தான். வேற வாங்கித் தரேன். உடைஞ்சாலும் பரவாயில்லை, தினமும் தொடுங்க."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எங்களுக்கு அடுத்த வாரம் பரீட்சைங்க ஐயா. அதோட ஸ்கூல் முடிஞ்சுடும்," என்றாள்.