ஐயனார் மேல் போன பழி

யோசெப்பைப் பஞ்சிக்காரன், சோம்பேறி என்று முல்லைத்தீவில் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். கடைத்தெருவின் கடைக்கோடியில், தகரக் கொட்டிலுக்குள், விடிந்தது தொட்டுப் பொழுதுபடும்வரை கிறீஸும் கரியுமாகக் கிடக்கிற மனுசன். கடற்கரைக் குடும்பத்தில் பிறந்து, கடல் ஒத்துவராமல் ஸ்பானரைக் கையில் எடுத்தவன். அண்ணன் சூசைப்பிள்ளை இன்னும் வலையும் வள்ளமும்தான். உடையார்கட்டிலென்ன, மல்லாவியிலென்ன, மோட்டச்சைக்கிள் மக்கர் பண்ணினால் யோசெப்பிடம்தான் வரவேண்டும். அப்படிப்பட்டவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் பஞ்சி பிடித்தது. அந்த ஒரு நாள் போதாதா?

அறுபத்திரண்டாம் ஆண்டு மாரி தொடங்கின நேரம், அப்புத்துரை அப்போதிக்கரியார் தன் மோட்டச்சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து கொட்டில் வாசலில் நின்றார். வடமராட்சி மனுசன். உடையார்கட்டுக்கு அங்காலே ஒரு மருந்துச்சாலையை ஒற்றை ஆளாக நடத்திக்கொண்டிருந்தார். பெரிய டொக்டரைப் பார்க்கவேண்டுமென்றால் இருபது மைல் போகவேணும். ஆனபடியால் காட்டோரக் குடியேற்றங்களுக்கெல்லாம் அவர்தான் டொக்டர், அவருடைய ரூ ஸ்ரோக் மோட்டச்சைக்கிள்தான் அம்புலன்ஸ். தார் ரோட்டில் அது குதிரை. சேற்றில் இறங்கினால் கழுதை.

"யோசெப்பு, இந்தச் சனியன் மெல்லப் போனால் நிண்டுபோகுது. பாலைமோட்டைப் பாதையிலை ஐயனாரடி இருக்கெல்லே? அந்தச் சேத்துக்குள்ளை ஒவ்வொருக்காலும் சொல்லிவைச்ச மாதிரி நிக்கும். இறங்கிக் குழை முறிச்சுப் போட்டிட்டு, பத்துத்தரம் உதைச்சால்தான் பிறகு கிளம்பும்."

வன்னிக் காட்டுக்குள் போகிறவன் எவனும் ஐயனாரடியில் இலையோடு ஒரு பச்சைக் குழையை முறித்து மரத்தடியில் போட்டுவிட்டுத்தான் அங்காலே கால் வைப்பான். யானை, கரடி, பாம்பு எல்லாம் அவருடைய பிள்ளைகள். கேட்டுக்கொண்டு போகவேண்டும் அல்லவா? வடமராட்சியார் ஆனாலும் அப்போதிக்கரியாரும் அதைப் பழகிவிட்டார்.

"ஐயனாருக்கு உங்களிலை நல்ல பட்சம் போலை, மறிச்சு வைச்சுக் கதைக்கிறார்," என்று யோசெப்பு பகிடி விட்டான். பிறகு எஞ்சினின் பக்க மூடியைக் கழற்றிக் காட்டினான். "குயவன்ரை சில்லைப் பாருங்கோ ஐயா. பாரமான சில்லெண்டால் கையை எடுத்தாலும் சுத்திக்கொண்டிருக்கும். உங்கடை எஞ்சினிலை சுத்திற பிளைவீலுக்குப் பாரம் காணாது. அதிலை ஒரு இரும்பு வளையம் கடைஞ்சு பூட்டிவிட்டால் எந்தச் சேத்துக்குள்ளையும் எருமை மாதிரி நடக்கும்."

"அப்ப பூட்டும், பூட்டும். புண்ணியமாய்ப் போகும் உமக்கு."

இரும்பு கடைகிற பட்டறை யாழ்ப்பாணத்தில். விடிய பஸ் பிடித்து, பரந்தனில் இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்குக் காத்து நின்று, வேலை முடித்து வர மறுநாள் ஆகும். யோசெப்பு ஒருநாள் விடிய பஸ்ஸுக்குப் போகத்தான் போனான். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வந்த பஸ்ஸில் மிதிபலகையில்தான் இடமிருந்தது. 'சீ, ஆர் போறது' என்று திரும்பிவந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தபோது, அண்ணன் வீட்டுக் கூரைக்குக் கீழே கிடந்த வலை கண்ணில் பட்டது. வலை நிறைய ஈயக்குண்டு.

பிறகென்ன! அதைவிடப் பாரமான சாமான் வேறென்ன இருக்கு? பழைய வலையிலிருந்து கொஞ்சக் குண்டைக் கழற்றி உருக்கி, ஈரமணலில் அச்சுப் பிடித்து வார்த்து, ஓட்டை போட்டு, நாலு போல்ற் வைத்துப் பூட்டிவிட்டான். அரை நாள் வேலை. ஈயம் மெத்தென்றது, எஞ்சின் சூட்டில் இன்னும் இளகும், இளகினால் போல்ற்றின் பிடி விட்டுப்போகும் என்று அவனுக்குத் தெரியாதா? நல்லாகத் தெரியும். 'மாரி முடிய யாழ்ப்பாணம் போய் இரும்பிலை செய்து மாத்திவிடுவம்' என்று தன் மனதைத் தானே தட்டிக்கொடுத்தான்.

"யாழ்ப்பாணத்திலை கடைஞ்சதோ?" என்று அப்போதிக்கரியார் கேட்டார்.

"ஓம் ஐயா. நல்ல இரும்பு," என்றான் யோசெப்பு. பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, சைக்கிள் எருமை மாதிரித்தான் நடந்தது. ஒரு மாசம் கழித்துப் பெற்றோல் அடிக்க வந்த அப்போதிக்கரியாருக்கு வாயெல்லாம் பல். "ஐயனாரடியிலை இப்ப நிக்கிறதேயில்லை யோசெப்பு! இருந்தபடியே ஒரு கும்பிடு, அவ்வளவுதான்."

கார்த்திகைக் கடைசியில் ஒரு மத்தியானம், பாலைமோட்டைச் சின்னராசா அந்தச் சைக்கிளை மாட்டுவண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். முகத்தில் இரத்தமில்லை.

"முந்தநாள் விடியக்காலமை எங்கடை பக்கத்து வளவு இளையதம்பியைக் காட்டுப்பண்டி பல்லாலை வெட்டிப்போட்டுது, அண்ணை. வயல்காவலுக்குப் போன இடத்திலை. துடையிலை ஒரு சாண் ஆழம். நான் சைக்கிள் மிதிச்சுப் போய் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாறன். ஐயா முன்னாலை போறார். ஐயனாரடி தாண்டிக் கால் மைல் போகேல்லை, பின்சில்லு அப்பிடியே இறுகி ஐயாவைத் தூக்கி எறிஞ்சுது. நான் போய்ப் பாக்கிறன், கால் முறிஞ்சு கிடக்கிறார். 'என்னை விடு, மருந்துப்பெட்டியைக் கொண்டு ஓடு' எண்டார். நான் ஓடி என்னத்தைச் செய்ய? தைக்கத் தெரியுமே எனக்கு? இளையதம்பி இரத்தம் போய்ப் போய் எங்கடை கையிலை முடிஞ்சுது."

யோசெப்பு குனிந்து பின்சில்லை உருட்டப் பார்த்தான். "சில்லு என்னெண்டு இறுகினது?"

"என்ன கேள்வி இது? குழை முறியாமல் போனால் ஐயனார் விடுவாரோ? ஐயாவே அழுகிறார், நான் மதிக்காமல் போனதுக்கு ஒரு உயிரை எடுத்துப்போட்டார் எண்டு."

சின்னராசா போனபின்பு யோசெப்பு படலையைச் சாத்திவிட்டு எஞ்சின் மூடியைக் கழற்றினான். ஈயவளையம் போல்ற்றுகளை விட்டுக் கிழிந்து, பிளைவீலுக்கும் மூடிக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறுகிக் கிடந்தது. உளி வைத்து அடித்துத்தான் எடுக்கவேண்டி இருந்தது. அன்றைக்கே அதை உருக்கித் திரும்பவும் குண்டாக்கி, அண்ணனின் வலையில் கோத்துவிட்டான். இனி உலகத்தில் எந்த ஐயனார் வந்து பார்த்தாலும் தெரியாது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி ஐயனார் தலையிலும் அப்போதிக்கரியார் தலையிலும் போய் விழுந்தது. பாவம் யோசெப்பிடமே நின்றது. அந்த வலையில் பட்ட மீன் அண்ணன் வீட்டிலிருந்து வந்தால் சோற்றை அளைந்துவிட்டு எழும்பினான். யேசு பிறந்த நத்தாருக்கு முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான்.

"பொய் சொன்னனான், சுவாமி."

"எத்தினை தரம்?"

"ஒருக்கால்."

சுவாமியார் சின்னதாக ஒரு செபம் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் என்ன பொய் என்று கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. வெளியே வரும்போது பாவம் இன்னொன்று கூடினதுதான் மிச்சம்.

மாசி பிறந்ததும் சின்னராசா மறுபடி வந்தான். "ஐயா தடி ஊண்டி நடக்கிறார். வாற வெள்ளி ஐயனாருக்குப் பொங்கல். ஊர் முழுக்க வைச்சுப் பிழையை ஒத்துக்கொள்ளப் போறாராம். மாற்றலுக்கும் எழுதி வைச்சிருக்கிறார், சனிக்கிழமை அனுப்புவார். 'என்னாலை ஒரு உயிர் போன இடத்திலை என்னெண்டு மருந்து குடுக்கிறது' எண்டு கேக்கிறார். அவர் போனால் இந்தக் காட்டுக்கு வேறை ஆர் வருவினம்? மருந்துச்சாலையைப் பூட்டவேண்டியதுதான். அதோடை உங்களுக்கும் ஒரு செய்தி. அந்த வளையத்தைக் கழட்டிவிடட்டாம். பழையபடி ஐயனாரடியிலை நிக்கட்டுமாம்."

கழற்றத் தேவையில்லை. அது எப்போதோ கடலுக்குள் போய் வந்துகொண்டிருக்கிறது. 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும், கதை முடிந்தது. யோசெப்புக்கு ஒரு குறையும் வராது. அதை நினைத்தபோதுதான் அவனுக்குத் தன்னிலேயே அருவருப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, திருத்தி முடித்த சைக்கிளில் தானே ஏறிப் போனான். ஐயனாரடிச் சேறு இன்னும் காயவில்லை. பொங்கல்பானையைச் சுற்றி நின்ற சனத்துக்கு இருபது முழம் இங்காலே, சொல்லிவைத்த மாதிரி எஞ்சின் நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதிக்கரியார் தடியை ஊன்றிக்கொண்டு, கைகூப்பி, அப்போதுதான் வாய் திறந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையோடு ஒரு மனுசி நின்றாள். இளையதம்பியின் பெண்சாதி அன்னபாக்கியம் என்று யாரும் சொல்லாமலே யோசெப்புக்கு விளங்கியது.

"ஐயா, பொறுங்கோ," என்று சேற்றுக்குள் நின்றபடியே கத்தினான். "உங்கடை பிழையில்லை. ஐயனாற்றை வேலையுமில்லை. நான் பூட்டினது இரும்பில்லை, ஈயம். வலைக்குண்டை உருக்கி வாத்தனான். அது கழண்டு இறுகித்தான் சில்லு நிண்டது."

"இரும்பெண்டெல்லே சொன்னீர்?"

"பொய் ஐயா."

அப்போதிக்கரியார் அப்படியே மரவேரில் குந்திவிட்டார். அவர் அந்த மாற்றல் கடிதத்தை அனுப்பவில்லை, அங்கேயே இன்னும் ஒன்பது வருஷம் மருந்து கொடுத்தார். அது பிறகு நடந்தது. அந்த நேரத்தில், நாலு பேர் வந்து அடிப்பார்கள் என்று யோசெப்பு எதிர்பார்த்து நின்றான். அடித்தால் நல்லது என்றும் இருந்தது.

அடிக்க ஒருத்தரும் வரவில்லை. அன்னபாக்கியம்தான் சேற்றில் இறங்கி அவனுக்குக் கிட்ட வந்தாள்.

"ஐயனார் எடுத்தவர் எண்டு நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் ஒருவாய்ச் சோறு திண்டனான், தம்பி. சாமியோடை ஆர் வழக்காடுறது எண்டு மனதை ஆத்தினனான்." அவளுடைய குரல் ஏறவில்லை. "இரும்பு எண்டால் அவர் இருந்திருப்பாரோ?"

"ஐயா நேரத்துக்கு வந்திருப்பார், அக்கா."

"அப்ப ஏன் இரும்பிலை செய்யேல்லை?"

வழி முழுக்க அவன் மறுமொழிகளை அடுக்கிக்கொண்டுதான் வந்தான். மழை, பஸ், பட்டறை தூரம், மாரி முடிய மாற்ற இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டான்.

"பஞ்சி அக்கா," என்றான். "யாழ்ப்பாணம் போகப் பஞ்சியாய்க் கிடந்தது."

அவள் மெல்லத் திரும்பி, மரத்தடியில் நின்ற சனத்துக்கு, அவர்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தவள் போலச் சொன்னாள்.

"பஞ்சியாம்."