பிரேக் போட்டால் முன்னால் எரியும்

காலை ஒன்பதரை மணிக்கு பிக்கப் வண்டியின் ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து புகை வந்தது.

மாலை நான்கு மணிக்குள் அதே வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னல் கண்ணாடி கம்பெனியின் ஒரு வருட லோடு வேலை வேறொருவனுக்குப் போய்விடும். இது வண்டிச் சொந்தக்காரருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அன்று விடிந்ததும் எல்.இ.டி. விளக்கு மாட்ட உட்கார்ந்தார். சும்மா போனால் கம்பெனிக்காரன் மதிப்பானா?

தெருவில் அவருக்குப் பெயர் இன்ஜினீயர். படித்தது வணிகவியல், அதிலும் பாதி. பட்டம் தெரு கொடுத்தது, கிண்டலுக்கு. கிண்டலாக இருக்குமோ என்று அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அவர் மனைவி பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். பதினாறு வருட சர்வீஸ், கையில் லைசென்ஸ். அந்த டிப்போவிலிருந்து கிளம்பும் அத்தனை பஸ்களின் விளக்கும் அவள் கை பட்டுத்தான் எரிகிறது. ஆகவே, அவளிடம் மட்டும் கேட்பதில்லை என்று இன்ஜினீயர் உறுதியாக இருந்தார்.

"நான் மாட்டித் தரட்டுமாங்க? எனக்கு மத்தியானம்தான் ஷிஃப்ட்."

"அதெல்லாம் பஸ்ஸு. இது பிக்கப். சிஸ்டமே வேற."

"ரெண்டுலயும் கரன்ட்தானே ஓடுது?"

"உனக்குச் சொன்னா புரியாதும்மா."

அவள் காபியை எடுத்துக்கொண்டு சமையலறைப் படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். டிக்கெட் இல்லாத காட்சி.

உதவிக்கு அவளுடைய தம்பி. கடைவீதியில் செல்போன் கவர் விற்பவன். விளக்கு மாட்டும் வீடியோ ஓடும் போனை மாமாவின் முகத்துக்கு நேரே பிடிப்பது ஒரு வேலை. நடுநடுவே "சூப்பர் மாமா" சொல்வது இன்னொரு வேலை. இரண்டாவதில்தான் அவனுக்குத் திறமை அதிகம்.

விளக்குப் பெட்டியோடு ஒரு விளக்கத்தாளும் வந்திருந்தது. இன்ஜினீயர் அதில் கை துடைத்தார். கூரை மேல் ஒரு நீள விளக்கு, கிரில்லில் இரண்டு, பின்தொட்டியில் நான்கு. எல்லாவற்றின் வயரையும் சேர்த்து முறுக்கிக்கொண்டு பிரேக் பெடலுக்கு மேலே தலையை நுழைத்தார்.

"இதோ சிவப்பு. சிவப்புன்னா பாசிட்டிவ். இதுக்குப் போயி படிப்பு எதுக்கு?"

இணைத்தார். பிரேக்கை மிதித்தார். கூரை விளக்கு எதிர்வீட்டுச் சுவரை வெள்ளையடித்தது. காலை எடுத்தார். அணைந்தது.

"மாமா! பிரேக் போட்டா முன்னாடி எரியுது!"

இன்ஜினீயர் அரை நொடிதான் யோசித்தார். "டிசைனே அதுதான்."

"எதுக்கு மாமா?"

"நாம நிக்கப் போறோம்னு முன்னாடி போறவனுக்குத் தெரிய வேணாமா?"

"சூப்பர் மாமா!"

படியில் இருந்தவளுக்குப் புரையேறியது.

மறுபடி மிதித்தார். 'டப்'. ஃபியூஸ் போனது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு வயரைப் பல்லால் உரித்து, செம்புக் கம்பியை மடித்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் சொருகினார்.

"ஐயோ, வேணாங்க! வயர் பிழைக்கணும்னுதான் ஃபியூஸ் சாகுது. அதுக்குச் சாகாவரம் குடுத்தா..."

மிதித்துவிட்டார்.

அந்தப் புகைதான் ஒன்பதரை மணிப் புகை. அவள் ஓடிவந்து பேட்டரி வயரைப் பிடுங்கினாள். பிரேக் லைட் போச்சு. ஹார்ன் போச்சு. டாஷ்போர்டு கறுத்துவிட்டது.

"தள்ளுங்க."

தள்ளினார். அவள் உள்ளே புகுந்தாள்.

ஒரு மணி வரை வண்டிக்குள்ளேயே கிடந்தாள். கருகியதை எல்லாம் அறுத்து எறிந்து, பிரேக் லைட்டுக்கும் ஹார்னுக்கும் புது வயர் போட்டாள். எல்.இ.டி. விளக்குகளுக்குப் பேட்டரியிலிருந்து தனி லைன் இழுத்தாள். அதற்கு ஃபியூஸ், ரிலே, தனி சுவிட்ச். ஒவ்வொரு வயரின் நுனியிலும் வெள்ளை டேப் சுற்றி பேனாவால் எண் போட்டாள். டிப்போ பழக்கம். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஒரு படிவத்தை நீட்டினாள்.

"எக்ஸ்ட்ரா லைட் இருந்தா போட்டவங்க கையெழுத்து கேப்பாங்க. பூர்த்தி பண்ணிட்டேன். படிச்சுப் பாத்துட்டுக் குடுங்க."

மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். படிக்கவில்லை. எழுதி வந்த எதையும் படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

பரிசோதனை மைதானத்தில் நீண்ட வரிசை. திறந்த பானட்டைச் சுற்றி டிரைவர்கள் கூடிவிட்டார்கள்.

"யாருண்ணே வயரிங்? கோடு போட்ட மாதிரி இருக்கே!"

"நம்ம கைதான்," என்றார் இன்ஜினீயர். மைத்துனன் வானத்தைப் பார்த்தான். இருபது நிமிடம் வகுப்பு நடந்தது. ரிலே என்றால் என்ன என்று ஒருவர் கேட்டபோது மட்டும் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

மூன்று நாற்பது. அவர் முறை வந்தது. ஆய்வாளர் அம்மாவுக்கு ஒரு வழக்கம்: படிவத்தை உரக்க வாசிப்பார், பக்கத்து மேஜை கிளார்க் கேட்டுக் கேட்டு கம்ப்யூட்டரில் ஏற்றுவார்.

"லைட்டு யார் போட்டது?"

பின்னால் பத்து டிரைவர்கள்.

"நான்தான் மேடம்."

"லைசென்ஸ் நம்பர்?"

"அனுபவம் இருக்கு மேடம்."

"நாலாம் நம்பர் வயர் எங்க போகுது?"

"அது... முன்னாடி போகுது."

"ஏழு?"

"அதுவும் கூடவே போகுது மேடம்."

யாரோ சிரித்தார்கள். ஆய்வாளர் 'நிராகரிக்கப்பட்டது' முத்திரையைக் கையில் எடுத்து மையில் ஒற்றினார். மணி மூன்று ஐம்பது. முத்திரை தாளுக்கு ஒரு சாண் உயரத்தில். ஒரு வருட வேலையும் அதே உயரத்தில்.

"மேடம்! இருங்க!"

சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, மடிப்புப் பிரிக்காமலே, மேஜைக்கு அடியில் கடிதம் கொடுப்பதுபோல நீட்டினார். குரலைத் தாழ்த்தினார்.

"இதைக் கொஞ்சம்... மனசுக்குள்ள படிச்சுக்குங்க."

ஆய்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வழக்கம்போல ஆரம்பித்தார்.

"பொருத்தியவர், பேருந்து டிப்போ எலக்ட்ரீஷியன். உரிம எண் இருக்கு. வண்டிச் சொந்தக்காரருக்கு உறவு, மனைவி. குறிப்பு: காலையில் சொந்தக்காரர் செய்த வயரிங் முழுவதும் கருகியதால் அகற்றப்பட்டது. அவர் மறுபடி கை வைக்காதவரை வண்டி பாதுகாப்பானது."

பின்னால் நின்ற பத்து டிரைவர்களும் கழுத்தை நீட்டினார்கள்.

"மேடம், கடைசி வரி இன்னொரு தடவை," என்றார் கிளார்க், விரல்களைத் தட்டச்சுப் பலகையில் தயாராக வைத்துக்கொண்டு.

இம்முறை நிறுத்தி, நிதானமாக, சொல் சொல்லாக வாசித்தார். பிறகு முத்திரையை மாற்றி எடுத்துக் குத்தினார். 'தகுதியானது'.

"வண்டிக்குத்தான்," என்றார்.

மைத்துனன் பழக்கதோஷத்தில் "சூப்பர்..." என்று வாயெடுத்து, மாமாவின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினான்.

வாசலில் ஒரு லாரி குறுக்கே நின்றது. இன்ஜினீயர் பிரேக்கை மிதித்தார். பின்னால் சிவப்பு எரிந்தது. முன்னால் நின்ற லாரிக்காரனுக்கு ஒன்றுமே தெரியவில்லை.