மலைவிடுதியில் எழுதிய பதினெட்டுப் பெயர்கள்

மலைமேல் பங்களா என்றால் முன்வாசல் துரைக்கு, பின்வாசல் நமக்கு. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அந்த வரிசைவீடுகளில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் 1985 அக்டோபரில், ஜப்பானில் எங்கோ ஒரு மலையில், கம்பெனிக் கார் இறக்கிவிட்ட அந்தப் பெரிய ஓட்டலைப் பார்த்ததும் நவமணியின் கால்கள் பெட்டியோடு தாமாகவே பின்பக்கம் போய்விட்டன. அங்கே முள்ளங்கி சீவிக்கொண்டிருந்த நாலு பெண்கள் அலறிப்புடைத்து எழுந்தார்கள். இடுப்பு ஒடியக் குனிந்து கும்பிட்டார்கள். பிறகு பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, காணாமல்போன கல்யாணப் பெண்ணைக் கூட்டிவருவதுபோல அவளை முன்வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

"என்னக்கா, எங்க போனீங்க? இங்க நீங்க கெஸ்ட்டுலா!" என்று சிரித்தான் ஜைனுலாப்தீன்.

நவமணி ஈப்போவில் ரேடியோ பாகங்கள் செய்யும் ஜப்பான்காரன் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவள் கையின்கீழ் அறுபது பெண்கள். பாதிப்பேர் தோட்டங்களிலிருந்து விடியுமுன்னே வேன் ஏறி வருகிறவர்கள். ஜைனுலாப்தீன் அதே தொழிற்சாலையின் ஆள்பதிவு அதிகாரி. இரண்டு வருஷம் ஜப்பானில் படித்து, அந்தப் பாஷையைத் தண்ணி மாதிரிப் பேசுகிறவன். மூன்று வாரப் பயிற்சிக்காக அவளை இங்கே கூட்டி வந்திருந்தான். பயிற்சி முடிந்த கையோடு, "ரெண்டு நாள் ஓய்வு" என்று தலைமை மேனேஜர் மொரிதா இருவரையும் இந்த மலைக்கு அனுப்பிவைத்தார்.

ஜப்பான்காரன் சும்மா ஓய்வு கொடுப்பானா? அறையில் தேநீர் வந்து ஆறுவதற்குள் ஜைனுலாப்தீன் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"அக்கா, ஆர்டர் கொறஞ்சு போச்சு. உங்க லைன்ல பதினெட்டுப் பேர நிறுத்தணுமாம். யார் யாருன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். நாளன்னிக்குக் காலைல மொரிதா இங்க வாராரு."

"நானா? நான் எதுக்குத் தம்பி எழுதணும்?"

"உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும். நீங்க எழுதலன்னா ஆபீஸ்லயே எடுத்துருவாங்கக்கா. கை மெதுவா ஓடுற ஆளா பார்த்துத் தூக்குவாங்க. சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

கை மெதுவாக ஓடுகிறவர்கள் யார் யார் என்று நவமணிக்கு மனப்பாடம். வயசானவர்கள், பிள்ளை பெற்று ஒரு மாதத்தில் வேலைக்கு ஓடிவந்தவர்கள், புருஷனை மண்ணுக்குக் கொடுத்தவர்கள். ராக்காயி மாதிரி.

அன்று மாலைச் சாப்பாடு ஒரு கூத்து. மண்டியிட்டு உள்ளே வந்த பணிப்பெண், பூப்போட்ட தட்டில் மாட்டுக்கறியை அடுக்கிவைத்துவிட்டு, மகாலட்சுமியே வந்துவிட்டதுபோல அதைக் காட்டிப் புன்னகைத்தாள். ஊரிலேயே அதுதான் பேர்போனதாம். நவமணி மாடு சாப்பிடமாட்டாள். ஜைனுலாப்தீனுக்கு ஹலால் இல்லாதது ஆகாது. கடைசியில் ஈப்போ ஆட்கள் இரண்டு பேரும் வெள்ளைச் சோற்றில் ஊறுகாயை வைத்துக்கொண்டு, அவன் பெட்டியிலிருந்து எடுத்த சாடின் மீன் டின்னை உடைத்து ஊற்றிச் சாப்பிட்டார்கள். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் பணிப்பெண்ணுக்கு முகம் சுண்டிப்போனது. ஐம்பது வயதுக்குக் குறையாது அவளுக்கு. எழும்போது முட்டியைக் கையால் அழுத்திக்கொண்டு எழுந்தாள். நவமணிக்கு அது பொறுக்கவில்லை. தட்டுகளை அடுக்கி அவளோடு தூக்கப் போனாள். அந்தப் பெண் இன்னும் மிரண்டுபோய்க் கையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

மறுநாள் காலையில் சுடுதண்ணிக் குளத்துக்குப் போனாள். பாறைகளுக்கு நடுவில் ஆவி பறக்கிற தண்ணீர். தோட்டத்துப் பைப்படியில் குளிப்பதுபோல மார்பில் கைலியைக் கட்டிக்கொண்டு இறங்கப்போனவளை, துணியோடு இறங்கக்கூடாது என்று ஒரு கிழவி சைகையில் தடுத்தாள். நல்ல கதையாயிருக்கிறதே என்று, எல்லாரும் எழுந்து போகும்வரை ஓரமாய்க் காத்திருந்தாள். அப்புறம் சாமியை நினைத்துக்கொண்டு கைலியை அவிழ்த்துவிட்டு இறங்கினாள்.

எதிரே மலை முழுக்க இலைகள் சிவந்திருந்தன. இலை உதிரும் காலத்தில் தோட்டத்துக் கித்தா மரக்காடும் இப்படித்தான் சிவக்கும். ஆனால் அப்போது யார் நின்று பார்த்தது? பன்னிரண்டு வயதில் பால்வாளி தூக்கியவள். இருபத்தைந்தில் தோட்டம் துண்டு துண்டாக விற்றுப்போனதும் ஈப்போவுக்கு வந்தவள். பதினான்கு வருஷமாக சாலிடர் புகை. கழுத்துவரை வெந்நீரில் இருக்கும்போதுதான் உடம்பு ஒவ்வொரு இடமாகப் பேச ஆரம்பித்தது. தோள் வலித்தது, இடுப்பு வலித்தது, விரல் கணுக்கள்கூட வலித்தன. இத்தனை வலியும் இத்தனை நாளாய் எங்கே இருந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அழுகை வந்தது. யாரும் இல்லாததால் அழுதாள். திரும்பிப் போகவே வேண்டாம், இப்படியே கிடந்துவிடலாம் என்று தோன்றியது. அந்த ஆசை அவளைப் பயமுறுத்தியது.

அறைக்கு வந்து பாயில் சாய்ந்தவள் மத்தியானம்வரை பிணம்போலத் தூங்கினாள். எழுந்து தேநீர் குடித்துவிட்டுத் தாளை எடுத்தாள்.

ஆட்களை எண்ணினால் எழுத முடியாது என்று அவளுக்குத் தெரியும். வீடுகளை எண்ணினாள். லயத்தில் அப்படித்தான் வழக்கம். வேலை குறைகிற மாதங்களில் கங்காணி ஒரு வீட்டில் இரண்டு ஆள் பேர் கொடுத்திருந்தால் ஒருவரைத்தான் நிறுத்துவார். எந்த வீட்டு அடுப்பும் அணையக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அப்படியே அவளும் வேன் நிற்கிற ஒவ்வொரு இடமாக மனசுக்குள் போய்வந்தாள். ஒரே சம்பளம் வருகிற வீடா, கையே வைக்காதே. இரண்டு சம்பளம் வருகிறதா, அதில் வேறு எங்கே போனாலும் பிழைத்துக்கொள்கிறவளாகப் பார்த்து எழுது.

ராக்காயியும் அவள் நாத்தனார் வீரம்மாவும் ஒரே வீடு. ராக்காயி விதவை. மூன்று பிள்ளைகள். காய்ச்சலுக்கப்புறம் விரல் சரியாக மடங்காது. வீரம்மாவுக்கு இருபத்திரண்டு வயசு. லைனிலேயே வேகமான கை. நவமணி பேனாவைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்திருந்துவிட்டு, வீரம்மா என்று எழுதினாள். இவள் போனால் நாளைக்கே இன்னொரு கம்பெனி கூப்பிடும். ராக்காயியை யார் கூப்பிடுவார்கள்?

பதினெட்டும் எழுதி முடித்தபோது ஒரு வீட்டு அடுப்பும் அணையவில்லை என்று மூன்று தடவை சரிபார்த்தாள். சந்தோஷம் இல்லை. ஆனாலும் செய்யவேண்டியதைச் சரியாகச் செய்த ஒரு களைப்பு.

மறுநாள் காலை மொரிதா வந்தார். தாளை ஜைனுலாப்தீன் வாசிக்க வாசிக்க, தன் கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து ஒவ்வொரு பெயராக ஒத்துப்பார்த்தார். பாதியில் அவர் முகம் மலர்ந்தது. முடிந்ததும் எழுந்து நின்று, நவமணிக்கு முன்னால் நன்றாகக் குனிந்தார்.

"என்ன சொல்றாரு?"

ஜைனுலாப்தீன் மொரிதாவிடம் திரும்பி அவர் பாஷையில் ஏதோ கேட்டான்.

"சொல்லு தம்பி."

"அக்கா... சத்தியமா எனக்கும் இப்பத்தான் தெரியும். ஆள் நிறுத்துற கோட்டா போன வாரம் ஏறிருச்சாம். பதினெட்டு இல்ல, முப்பத்தாறு. மெதுவா ஓடுற பதினெட்டுப் பேர ஆபீஸ்ல ஏற்கெனவே எடுத்துட்டாங்க. மீதி ஆளுக்கு என்ன செய்றதுன்னு முழிச்சிட்டு இருந்தாங்களாம். உங்க லிஸ்ட்ல ஒரு பேருகூட அதுல வரலயாம். ரொம்பத் தேங்க்ஸ் சொல்றாரு."

"அந்தத் தாள்ல ராக்காயி இருக்காளா?"

அவன் எட்டிப் பார்த்தான். "இருக்கு."

மெதுவானவர்களை நவமணி காப்பாற்றினாள். வேகமானவர்களை ஆபீஸ் காப்பாற்றி வைத்திருந்தது. இரண்டு தாளையும் சேர்த்தால் ஏழு வீடுகளில் ஆளே மிச்சமில்லை.

"என் தாளத் திருப்பித் தரச் சொல்லு. நான் மாத்தி எழுதுறேன்."

ஜைனுலாப்தீன் தணிந்த குரலில் சொன்னான். மொரிதா தலையசைத்து, வருத்தமாகப் புன்னகைத்து, இரண்டு தாள்களையும் ஒன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். புறப்படும்போது ஒரு கேக் பெட்டியை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். அவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்த நேரத்தில் வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் ஈப்போ வந்து சேர்வதற்குள் முப்பத்தாறு பெயர்களும் டைப் அடித்து வாசல் பலகையில் ஒட்டப்பட்டுவிட்டன. யார் எழுதியது என்று அதில் இல்லை. திங்கட்கிழமை வேலை முடிந்து வெளியே வந்தபோது, கணக்கு முடிக்க வந்திருந்த ராக்காயியும் வீரம்மாவும் வேன் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ராக்காயி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மடங்காத அந்த விரல்கள் நவமணியின் மணிக்கட்டில் குத்தின.

"அக்கா, நீங்க ஊர்ல இல்லாத நேரமா பார்த்து செஞ்சிட்டானுங்கக்கா. ஒரே வீட்டுல ரெண்டு பேரையும் தூக்கிட்டானுங்க. நீங்க மட்டும் இங்க இருந்திருந்தா விட்டிருப்பீங்களா?"

வீரம்மா பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். வேன்காரன் ஆரன் அடித்தான்.

"விட்டிருக்க மாட்டேன் ராக்காயி," என்றாள் நவமணி.